ஓர் அடிமையின் ரிவாயத்து: பாஸ்டன் நகரின் பெரியம்மையும் இன்றைய அமெரிக்காவும்

எழுபதுகளிலும் அதற்கு முன்பும் பிறந்த நம்மில் பெரும்பாலோரின் மேற்கையில் வட்டமான தழும்பு ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்து முற்றத்தில் வரிசையாக நிறுத்தி அம்மை குத்தியவர்கள் விட்டுச் சென்ற அடையாளம் அது. சென்ற ஆண்டு என் பேத்தி அதனைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன காயம், நன்னா?" என்று கேட்டாள். பெரியம்மை என்ற சொல்லையே அவள் கேட்டிருக்கவில்லை. அவளுக்கு விளக்க முற்பட்டபோதுதான், அந்தத் தழும்பின் வரலாற்றை நானே முழுமையாக அறிந்திருக்கவில்லை என்பது புலப்பட்டது.

அக்கேள்வி எழுந்த வேளையில் அமெரிக்காவிலிருந்து வந்த செய்திகளும் என் சிந்தையைக் கிளறிக்கொண்டிருந்தன. 2000ஆம் ஆண்டில், தன் மண்ணில் தட்டம்மையின் தொடர் பரவல் ஒழிந்துவிட்டதாக அறிவித்த நாடு அது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் டெக்சஸ் மாநிலத்தில் அந்நோய் மீண்டும் பரவியது. ஆகஸ்டு மாதத்தில் பரவல் முடிவுற்றதாக அறிவிக்கப்படுவதற்குள் 762 பேர் பாதிக்கப்பட்டனர். தடுப்பூசி போடப்படாத குழந்தைகள் இருவர் இறந்தனர். அவ்வாண்டு ஜனவரி 20 அன்று உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதற்கான ஆணையில் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். ஜூன் மாதத்தில், தடுப்பூசிகள் குறித்து அரசுக்கு ஆலோசனை கூறும் வல்லுநர் குழுவின் 17 உறுப்பினர்களும் ஒருசேர நீக்கப்பட்டனர்.

மருத்துவ ஆய்வில் உலகின் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டில் மருத்துவத்தின் மீதே ஐயம் படர்வது எங்ஙனம்? கல்லாமையே காரணம் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும் அமெரிக்க வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பவர்க்கு, நோயைப் பற்றிய வாதங்கள் அங்கே பெரும்பாலும் மனிதரைப் பற்றிய வாதங்களாகவே இருந்து வந்துள்ளமை தெரியவரும். யாருடைய சொல் ஏற்கத்தக்கது, யாருடைய உடல் காக்கத்தக்கது என்பவையே அவ்வாதங்களின் அடிநாதம். அதன் தொடக்கத்தை 1721ஆம் ஆண்டின் பாஸ்டனில் காண்கிறோம்.

போதகரும் அடிமையும்

காட்டன் மேதர் என்பவர் பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற கிறித்தவப் போதகர். 1706ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய சபையினர் ஆப்பிரிக்க அடிமை ஒருவரை அவருக்குப் பரிசாக அளித்தனர். மேதர் அவருக்கு விவிலியத்தில் வரும் ஓர் அடிமையின் பெயரைச் சூட்டி ஒனேசிமஸ் என அழைத்தார். தாய் தந்தையர் இட்ட பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

உனக்கு எப்போதேனும் பெரியம்மை கண்டதுண்டா என்று மேதர் அவரிடம் ஒருமுறை வினவினார். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லத்தக்க விடை கிடைத்தது. தம் நாட்டில் நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை நலமாக உள்ளவரின் தோலைக் கீறி அதில் இடுவர். சிறிது நோயுற்று அவர் தேறிவிடுவார். பின்னர் அந்நோய் அவரை அணுகாது என்று ஒனேசிமஸ் விளக்கினார். தம் கையிலிருந்த தழும்பையும் காட்டினார்.

மேதர் அதனோடு நின்றுவிடவில்லை. பாஸ்டனில் வாழ்ந்த வேறு ஆப்பிரிக்கர்களிடமும் வினவினார். அவர்கள் அனைவரும் ஒரே செய்தியைக் கூறினர். இதனிடையே, கான்ஸ்டான்டிநோபிளில் மருத்துவம் புரிந்த இம்மானுவேல் திமோனியஸ் என்பவர், உதுமானியப் பேரரசின் தலைநகரில் வழங்கிய இதே முறையை விவரித்து எழுதிய கடிதம் 1714இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியாகியிருந்தது. அதனைப் படித்த மேதர், 1716 ஜூலையில் அச்சங்கத்தின் உறுப்பினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், துருக்கியரின் வழக்கம் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே தம் வீட்டு ஆப்பிரிக்கரிடமிருந்து இதனை அறிந்திருந்ததாகப் பதிவு செய்தார்.

ஹதீஸ் கலையோடு பழகிய வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. தம்முள் கூடிப் பேசிப் பொய்யுரைக்க வாய்ப்பில்லாத பலர் ஒரே செய்தியை அறிவித்தால் அதனை நம் முன்னோர் முதவாதிர் என்றனர். மேதர் அச்சொல்லை அறியார். எனினும் அவர் கையாண்டது ஏறத்தாழ அம்முறையே. இன்னொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. வழக்காடலில் அடிமையின் சாட்சியம் குறித்து ஃபிக்ஹ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் ரிவாயத்தில், அறிவிப்பாளர் அடிமையாக இருத்தல் ஒரு குறையாகக் கொள்ளப்படவில்லை. நேர்மையும் நினைவுறுதியுமே அங்கே அளவுகோல். இமாம் மாலிக், நாஃபிஉ, இப்னு உமர் என்று செல்லும் அறிவிப்புத் தொடரைப் பொற்சங்கிலி என்று போற்றுகிறோம். அதன் நடுவண் கண்ணியான நாஃபிஉ, இப்னு உமர் அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அடிமை. நம் சமூக வரலாற்றில் அடிமை முறையின் கொடுமை இல்லாதிருந்தது என்று இதனால் நான் வாதிட வரவில்லை. ஒரு செய்தியை அறிவித்தவரின் நிலையையும் அச்செய்தியின் உண்மையையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எத்துணை அரியது என்பதைச் சுட்டவே இதனைக் கூறினேன்.

1721

அவ்வாண்டு ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த சீஹார்ஸ் என்னும் ஆங்கிலேயக் கப்பலோடு பெரியம்மையும் பாஸ்டனில் இறங்கியது. ஜூன் மாதத்தில் மேதர் நகரின் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, இப்புதிய முறையைச் சோதித்துப் பார்க்குமாறு வேண்டினார். செவிசாய்த்தவர் சப்டியேல் பாயில்ஸ்டன் ஒருவரே. ஜூன் 26 அன்று அவர் தம் ஆறு வயது மகனுக்கும், தம்மிடம் அடிமைகளாயிருந்த ஒருவருக்கும் அவருடைய சிறு மகனுக்கும் அம்மை குத்தினார். மூவரும் பிழைத்தனர். தம் மகனையே முதலில் உட்படுத்திய அவருடைய துணிவை வரலாற்று நூல்கள் பாராட்டுகின்றன. அவரோடு நின்ற மற்ற இருவரிடம் சம்மதம் கேட்கப்பட்டதா என்னும் வினாவை அந்நூல்கள் நெடுங்காலம் எழுப்பவில்லை.

நகரம் கொதித்தெழுந்தது. சமயம் அறிவியலைத் தடுத்த கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. போதகர்களிற் பலர் அம்மை குத்துதலை ஆதரிக்க, மருத்துவர்கள் அதனை எதிர்த்தனர். எதிர்ப்பின் தலைவர் வில்லியம் டக்ளஸ். நகரில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற மருத்துவர் அவர் ஒருவரே. அவர் கூறியவற்றுள் நியாயமும் இருந்தது. அம்மை குத்தப்பட்டவர் பிறருக்கு நோயைப் பரப்பக்கூடும். தனிமைப்படுத்தாமல் இதனைச் செய்வது நகருக்கே கேடு. போதிய சோதனையின்றி மனிதர் உடலில் நோயைச் செலுத்துவது முறையன்று என்றார். இவை இன்றும் மதிக்கத்தக்க வினாக்கள். ஆனால் அவ்வினாக்களோடு வேறொன்றும் கலந்திருந்தது. ஆப்பிரிக்கர்கள் பொய்யர்கள், அவர்தம் சொல்லை நம்பி நகரத்தாரின் உயிரோடு விளையாடுவதா என்னும் ஏளனம் அது. நியாயமான ஐயமும் நிறவெறியும் ஒரே ஏட்டில், ஒரே கையால் எழுதப்பட்டன.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஜேம்ஸ் பிராங்க்ளின் தொடங்கிய நியூ இங்கிலாந்து குரான்ட் என்னும் செய்தித்தாள் இவ்வெதிர்ப்பின் மேடையாயிற்று. அவருடைய தம்பி பெஞ்சமின், பதினைந்து வயதுச் சிறுவன், அதே அச்சுக்கூடத்தில் தொழில் பயின்றுகொண்டிருந்தார். நவம்பர் மாதத்தில் ஓர் இரவு மேதரின் வீட்டுச் சாளரத்தின் வழியே எறிகுண்டு ஒன்று வீசப்பட்டது. திரி கழன்று விழுந்தமையால் அது வெடிக்கவில்லை.

கொள்ளைநோய் ஓய்ந்தபோது கணக்கு எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 11,000 மக்கள் வாழ்ந்த நகரில் 5,900 பேர் வரை நோயுற்றிருந்தனர். 844 பேர் மாண்டனர். அதாவது, நோயுற்ற ஏழு பேரில் ஒருவர். பாயில்ஸ்டனால் அம்மை குத்தப்பட்டோர் 240க்கும் மேற்பட்டோர்; அவர்களுள் இறந்தவர் ஆறு பேர். நாற்பதில் ஒருவர் என்பது அந்த விகிதம். ஒரு மருத்துவ முறையின் பயனை இரு எண்ணிக்கைகளை அருகருகே வைத்து நிறுவிய தொடக்ககால முயற்சிகளுள் இதுவும் ஒன்று. பாயில்ஸ்டன் 1726இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. டக்ளசும் பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

மேதரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1692இல் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டி இருபது பேர் கொல்லப்பட்டபோது அவ்வழக்குகளுக்கு ஆதரவாக எழுதியவர் அவரே. அவர் அடிமைகளை வைத்திருந்தவரும் ஆவார். மூடநம்பிக்கையும் அறிவு வேட்கையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு அவர் சான்று. ஒனேசிமசுக்கோ நன்றியும் புகழும் அவர் வாழ்நாளில் கிட்டவில்லை. 1716இல், தமக்கு மாற்றாக வேறோர் அடிமையை வாங்குவதற்குப் பணம் கொடுத்து, நிபந்தனைகளோடு கூடிய அரைகுறை விடுதலையை அவர் பெற்றார். அவருடைய தழும்பு ஒரு நகரத்துக்கு வழிகாட்டியபோது அவர் அந்த வீட்டில் இல்லை.

ஒரு குடியரசின் பிறப்பு

அம்மை குத்துதல் பின்னர் அமெரிக்க அரசியலோடு நெருங்கிப் பிணைந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் வளர்ந்து அதன் ஆதரவாளரானார். ஆயினும் 1736இல் அவருடைய நான்கு வயது மகன், அம்மை குத்தப்படாத நிலையில் அந்நோய்க்கு இரையானான். அப்பிழையை எண்ணித் தாம் நெடுங்காலம் வருந்தியதாகத் தம் தன்வரலாற்றில் அவர் எழுதிச் சென்றுள்ளார். பிற பெற்றோரை எச்சரிப்பதற்காகவே அதனை எழுதினார்.

விடுதலைப் போரின்போது, 1775–76இல் கியூபெக் நகரை முற்றுகையிட்ட அமெரிக்கப் படையைப் பெரியம்மை சிதைத்தது. இளமையில், 1751இல், பார்படாஸ் தீவில் தாமே அந்நோயுற்றுத் தேறிய ஜார்ஜ் வாஷிங்டன், 1777இன் தொடக்கத்தில் தம் படையினர்க்கு அம்மை குத்த ஆணையிட்டார். எதிரியின் வாளைவிட இந்நோய்க்கே தாம் மிகுதியாக அஞ்சவேண்டியிருப்பதாக அவர் கருதினார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வழங்கிய ஒரு பாட்டி வைத்தியம் அமெரிக்கக் குடியரசின் படையைக் காத்தது என்பது மிகையன்று. இன்று, தடுப்பூசிக் கட்டாயம் அமெரிக்க மரபுக்கே அயலானது என்று அங்கே முழங்குவோர் தம் நாட்டின் முதல் படைத்தலைவரது ஆணையை மறந்துவிடுகின்றனர்.

1798இல் ஜென்னர் பசு அம்மைப் பாலைக் கொண்டு செய்யும் பாதுகாப்பான முறையை வெளியிட்டார். அதனை அமெரிக்காவில் பரப்பியவர்களுள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் முக்கியமானவர். 1801இல் தம் மான்டிசெல்லோ தோட்டத்தில், தம் குடும்பத்தாருக்கும் தம்மிடம் அடிமைகளாயிருந்தோருக்கும் அம்மைப்பால் குத்தச் செய்தார். 1806இல் ஜென்னருக்கு எழுதிய கடிதத்தில், இந்நோய் இருந்ததை வருங்கால மக்கள் வரலாற்றின் வழியே மட்டும் அறிவர் என்ற பொருள்பட எழுதினார்.

நம்பிக்கை சிதைந்த கதை

இதுவரை கூறியது வரலாற்றின் ஒரு பக்கம். மறுபக்கத்தைப் பாராமல் இன்றைய ஐயங்களைப் புரிந்துகொள்ள இயலாது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1902இல் பெரியம்மை பரவியபோது, அம்மை குத்திக்கொள்ள மறுத்த ஜேக்கப்சன் என்னும் போதகருக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொது நலத்தின் பொருட்டுத் தனிமனிதனின் உரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்று 1905இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் 1927இல் அதே நீதிமன்றம், மனவளர்ச்சி குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்னும் இளம்பெண்ணைப் பிள்ளைப்பேறு இல்லாதவராக்கும் அறுவைக்கு இசைவளித்தது. அதற்கு முன்னுதாரணமாக எடுத்துக்காட்டப்பட்டது 1905ஆம் ஆண்டின் தடுப்பூசித் தீர்ப்பு. இவ்வகைச் சட்டங்களால் அமெரிக்காவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கட்டாய அறுவைக்கு ஆளாயினர். உயிர் காக்க வகுத்த நெறி, பலவீனர்களின் மேல் ஏவப்படும் படைக்கலமாக மாற இருபத்திரண்டு ஆண்டுகளே தேவைப்பட்டன.

அடுத்து டஸ்கிகி. 1932 முதல் 1972 வரை, அலபாமா மாநிலத்தில் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வு செய்தது. அவர்களுள் 399 பேர் சிபிலிஸ் எனும் மேகநோய் உடையோர். அவர்களுக்கு நோயின் பெயர் சொல்லப்படவில்லை. நாற்பதுகளின் இறுதியில் பெனிசிலின் உரிய மருந்தாக நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நோய் முற்றி உடல் அழியும் வகையைக் குறித்துக்கொள்வதே நோக்கம். 1972இல் ஒரு செய்தியாளர் இதனை வெளிப்படுத்தினார். அரசின் மன்னிப்பு 1997இல் வந்தது. ஆப்பிரிக்கரின் சொல்லை நம்ப மறுத்த பாஸ்டனுக்கும், ஆப்பிரிக்கரிடம் உண்மை சொல்ல மறுத்த டஸ்கிகிக்கும் இடையே ஓடுவது ஒரே நோய். கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்க நாட்களில் கறுப்பின மக்கள் பலர் தடுப்பூசியைக் கண்டு தயங்கியபோது அவர்களைப் பழித்தவர்கள் இந்த வரலாற்றைப் படித்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அப்பெருந்தொற்று பத்து இலட்சம் அமெரிக்க உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

நம் மனத்தை இன்னும் நேரடியாகத் தைப்பது மூன்றாவது நிகழ்ச்சி. 2011இல், உசாமா பின் லாதினின் இருப்பிடத்தை உறுதிசெய்யும் பொருட்டு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்னும் போர்வையைப் பயன்படுத்தியது. செய்தி வெளியானதும், தடுப்பூசி என்றாலே வேவு என்னும் பரப்புரைக்குக் கையில் ஆதாரம் கிடைத்துவிட்டது. வடக்கு வஜீரிஸ்தானில் ஆயுதக் குழுக்கள் போலியோ சொட்டு மருந்தைத் தடை செய்தன. 2012 டிசம்பர் முதல், சொட்டு மருந்துப் பெட்டியோடு வீடுவீடாகச் சென்ற பணியாளர்கள், அவர்களுள் பெண்கள் பலர், சுட்டுக் கொல்லப்பட்டனர். 2014இல் பாகிஸ்தானில் 306 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டனர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்லூரிகள் பன்னிரண்டின் தலைவர்கள் இதனைக் கண்டித்துத் தம் அரசுக்கு எழுதிய பின்னரே, தடுப்பூசிப் பணியை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி 2014இல் அளிக்கப்பட்டது.

இங்கே நம் பங்கையும் மறைத்தல் ஆகாது. உளவு நிறுவனம் செய்தது துரோகம். அதற்குப் பழிவாங்குவதாகக் கூறி, ஏழைக் குழந்தையின் நாவில் இரு சொட்டு மருந்திட வந்த பெண்ணைச் சுட்டவர்கள் செய்தது அதனினும் கொடியது. நம் ஊர்களிலும், தடுப்பு மருந்தில் நம் சந்ததியை அழிக்கும் சூழ்ச்சி இருப்பதாகக் காதோடு காதாக வதந்தி பரவிய காலங்கள் உண்டு. கேட்டதையெல்லாம் அறிவிப்பவனைக் கண்டிக்கும் மார்க்கத்தில் பிறந்த நாம், அறிவிப்பாளர் யார், அவருக்கு அது எவ்வாறு தெரியும் என்று அந்த வேளைகளில் வினவவில்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனி நூல் இயற்றிய அர்-ராஸீயின் மரபினர் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். நோயாளியின் படுக்கையருகே நின்று கண்டவற்றை எழுதிவைத்த அவரது பொறுமையே அப்பெருமையின் வேர் என்பதை மறந்துவிடுகிறோம்.

மெர்க்கா நகரின் சமையற்காரர்

1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவையில், பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்னும் தீர்மானத்தை முன்வைத்தவர் சோவியத் பிரதிநிதி விக்டர் ஷ்தானவ். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. தம் உரையில் அவர் மேற்கோள் காட்டியது, ஜென்னருக்கு ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தை. இரு வல்லரசுகளும் தம் பகையைச் சற்று ஒதுக்கிவைத்தன. பணியை வழிநடத்தியவர் டி. ஏ. ஹென்டர்சன் என்னும் அமெரிக்கர். தடுப்பு மருந்தைப் பெருமளவில் வழங்கியது சோவியத் ஒன்றியம். உலகச் சுகாதார நிறுவனத்தோடு அமெரிக்காவுக்கு இருந்த உறவின் மிகச் சிறந்த பயன் அதுவென்று சொல்லலாம். அந்த உறவை அறுக்கும் ஆணையை 2025இல் படித்தபோது என் நினைவு அங்கேயே சென்றது.

இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்க்கா நகரைச் சேர்ந்த அலீ மாவ் மாலின். மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்த இளைஞர். ஊசி வலிக்கும் என்று அஞ்சி அம்மை குத்திக்கொள்ளாமல் இருந்தவர். 1977 அக்டோபரில், நோயுற்ற குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சென்றபோது நோய் அவரைப் பற்றியது. அவர் பிழைத்தார். அவருக்குப் பின் அந்நோய் எவரையும் இயற்கையாகத் தொற்றவில்லை என்று உறுதிசெய்தபின், 1980இல் உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

பல ஆண்டுகள் கழித்து மாலின் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். தயங்கிய பெற்றோரிடம் தம் கதையைச் சொன்னார். தாம் அஞ்சியதையும் அதனால் பட்டதையும் மறைக்காமல் சொன்னார். 2013இல், அப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே மலேரியாவால் இறந்தார். அவருடைய சொல்லை மக்கள் ஏற்றதற்குக் காரணம், அவர் தம்முள் ஒருவர், தம் உடம்பில் கண்டதைச் சொல்பவர் என்பதே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒனேசிமஸ் தம் கையைக் காட்டிச் சொன்னதும் அவ்வகைச் சாட்சியமே.

என் பேத்திக்கு இவ்வளவையும் சொல்ல இயலவில்லை. இந்தத் தழும்பு இருப்பதால்தான் உனக்கு அது தேவைப்படவில்லை என்று மட்டும் சொன்னேன். எஞ்சியதை அவள் வளர்ந்தபின் படித்துக்கொள்ளட்டும் என்றே இங்கு எழுதி வைத்தேன்.